சந்தனம் வைத்த கை

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஜனகனிடம் அடி வாங்காதவர்கள் மூன்றே பேர். ஒன்று மாரியம்மன். இரண்டாவது அவன் தம்பி கணேஸ். மூன்றாவது கணேஸின் மனைவி இராஜகுமாரி. அவளை அடித்ததில்லை, கையை மட்டும் ஓங்குவான். ஓங்கியது அடியில் சேருமா சேராதா என்பதில் லயத்தில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது.

ஜனகன் கெட்டவன் இல்லை. அடி வாங்கியவர்களே அப்படித்தான் சொல்வார்கள், கொஞ்சம் தள்ளி நின்று. ஹந்தானைச் சந்தியில் ஓட்டோ ஓடுகிறான். அநியாயத்தைக் கண்டால் அவனுக்குக் கை பொறுக்காது. அடி முதலில் போய்விடும், விசாரணை பின்னால் வரும். விசாரணையில் அடிபட்டவன் நிரபராதி என்று தெரிந்தால் அவனைச் சந்திக் கடைக்குக் கூட்டிப்போய் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பான். சந்திக் கடையில் யாராவது வீங்கிய முகத்தோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் அவன் குற்றமற்றவன் என்று அர்த்தம். பெண் கொடுக்க வந்தவரையும் ஒருமுறை அப்படிக் கூட்டிப்போக வேண்டி வந்ததால் கல்யாணம் அமையவில்லை. தம்பி வீட்டிலேயே, முன் காம்பராவில் படுத்துக்கொண்டான்.

கணேஸுக்கு மலைக்கு மேலே இருக்கும் ஓட்டலில் வேலை. அங்குள்ள நீச்சல் தடாகம் அவன் பொறுப்பு. அந்த மாதம் தடாகத்தை வற்றவைத்து உடைந்த ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பம்ப் ரூமில் எலி. அதனால் பி.எச். புரோப்பைக் கழற்றி, மாமைட் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து யன்னல் பலகையில் வைத்திருந்தான். மொத்தப் பேனா அளவில் ஒரு குழாய், அதன் நுனியில் கொண்டைக்கடலை அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழ் மட்டும் போத்தலுக்குள் உப்புத் தண்ணீரில் அமிழ்ந்திருக்கும்.

"யாரும் இதுல கை வக்காதீங்க" என்றான் கணேஸ், முதல் நாளே. ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "தண்ணியில புளிப்பு கூடவா குறைவான்னு இந்தக் குமிழ்தான் பம்ப் ரூம்ல இருக்கிற பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதக் கேட்டுத்தான் அசிட் பம்ப ஓட்டும். இது பொய் சொன்னா பெட்டியும் பொய் சொல்லும்."

"அதுக்கு ஏன்டா ஊறப் போட்டிருக்க?" என்றான் ஜனகன்.

"காய விட்டா செத்துரும் அண்ணே. நல்ல தண்ணியிலயும் போடக் கூடாது, உள்ள இருக்கிற உப்ப உறிஞ்சிரும். இந்த உப்புத் தண்ணி கொழும்புலருந்து வருது. குமிழத் துடைக்கவும் கூடாது. ஈரத்த ஒத்தி எடுக்கலாம், அவ்வளவுதான்."

"தொடைக்கக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, உப்புலயே கெடக்கணும். இது என்ன கருவாடா?"

"கருவாட்டையாச்சும் காய வைப்பாங்க. இதக் காய வைக்கவே கூடாது."

இராஜகுமாரி சிரித்தாள். ஜனகன் அவளைப் பார்த்தான். அவள் ரொட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

சரசுவதி பூசை வந்தது. அன்றைக்கு லீவு கேட்ட கணேஸுக்கு மனேஜர் சந்திரிகா மெடம் இல்லை என்றுவிட்டார். தடாகத்தில் புதுத் தண்ணீர் நிரப்புகிற நாள் அது. "லீவு எடுத்தா லீவுலயே இருந்துக்கோ" என்றாராம். கணேஸ் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனதைச் செக்கியூரிட்டி இரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

பகல் முழுக்க மழை. இராஜகுமாரி கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, காலில் அட்டை கடித்த இரத்தத்தோடு வீடு வந்தபோது ஜனகன் பூசையைத் தொடங்கியிருந்தான். சாமிப்படத்தின் கீழே வெள்ளை வேட்டி விரித்து ஆயுதங்கள் வரிசையாக இருந்தன. கவ்வாத்துக் கத்தி, கோடாலி, அவளுடைய பழைய கொழுந்துக் கூடை, ஓட்டோச் சாவி, கணேஸின் ஸ்பேனர்கள். எல்லாம் கழுவித் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து இருந்தன. நடுவில், எல்லாவற்றுக்கும் மேலான மரியாதையோடு வெற்றிலைமேல் படுத்திருந்தது புரோப். கண்ணாடிக் குமிழின் நெற்றியில், குமிழுக்கு நெற்றி என்று ஒன்று இருந்தால், அங்கே பெரிய சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

"பெரியத்தான்" என்றாள் அவள். "அது தண்ணியில கெடக்கணும்னு அவரு சொன்னாரே."

"சாமிக்கு முன்னால போத்தலையா வைப்பாங்க? அழுக்கு உப்புத் தண்ணியில ஆயுதத்தப் போட்டு வச்சா சரசுவதி பாப்பாளா?"

"இல்ல, காஞ்சா கெட்டுரும்னு…"

ஜனகன் கையை ஓங்கினான். சந்தனம் காயாத கை அது. அவள் வாய் மூடிக்கொண்டது. அவன் அதே கையால் கற்பூரத் தட்டை எடுத்து மூன்று முறை சுற்றினான். பிறகு அவளுக்குக் கடலையும் அள்ளிக் கொடுத்தான். கடலை நன்றாகத்தான் இருந்தது.

ஆயுதத்தை மறு பூசைவரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். புரோப் இராத்திரி முழுக்க வெற்றிலையில் கிடந்து காய்ந்தது. விடியற்காலையில் இராஜகுமாரி தோட்டத்தில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போன பிறகு ஜனகன் குளித்துவிட்டு வந்து மறு பூசை முடித்தான். வேட்டித் தலைப்பால் குமிழை அழுத்தித் துடைத்தான். பழைய உப்புத் தண்ணீரை வாசலில் கொட்டி, போத்தலை வைக்கோலால் தேய்த்துக் கழுவி, மலை ஊற்றுப் பீலியிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றினான். பீலித் தண்ணீரைப்போல் சுத்தமான தண்ணீர் ஹந்தானையில் வேறு இல்லை. புரோப்பை அதற்குள் போட்டு யன்னலில் வைத்தான். தம்பி பொருளுக்கு இவ்வளவு பக்தி யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

இராச் சோலி முடித்து ஏழு மணிக்கு வந்த கணேஸ் பிளேன்டீயை நின்றபடியே குடித்தான். போத்தல் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தான். நிறைந்திருந்தது. எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினான்.

ஓட்டலில் சந்திரிகா மெடம் தலையில் கொண்டைப்பூவும் கையில் இரண்டு போனுமாக நின்றார்.

"கணேஸ், பூல் இன்னைக்கே ரெடி ஆகணும். நாளைக்குக் கல்யாண ஆக்கள் வாறாங்க. முதலாளியோட சொந்தம்."

"புரோப்ப மாட்டீட்டு ரெண்டு மருந்துலயும் முக்கிப் பாக்கணும் மெடம். நாலு காட்ட வேண்டியதுல நாலு, ஏழு காட்ட வேண்டியதுல ஏழு காட்டுதான்னு. அரை மணித்தியாலம் போதும்."

"கழட்டுறப்போ சரியாத்தானே இருந்திச்சு?"

"சரியாத்தான் இருந்திச்சு."

"அப்போ மாட்டு. மாட்டிட்டுக் கதிரை தூக்க வா. நூறு கதிரை கீழ கெடக்கு."

மாட்டினான். பெட்டியில் எண் எட்டைத் தாண்டி, அசிட் கேட்கும் இடத்தில் நின்றது. புதுத் தண்ணீர், புதுச் சீமெந்து, காரம் இருக்கும் என்று நினைத்தான். அந்த நினைப்பில் தப்பு இல்லை. அசிட் பம்ப் டக் டக்கென்று ஓடத் தொடங்கியது. அவன் கதிரை தூக்கப் போனான், பிறகு மேசை, பிறகு வாழைமரம், பிறகு மணவறைத் தூண். ஓரப் பள்ளத்தில் சந்தனம் தங்கிய குமிழ் பகல் முழுக்க எட்டு, எட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இராத்திரியும் சொன்னது. பெட்டி அதை நம்பியது. கான் நிறைய இருந்த அசிட் தீர்ந்த பிறகுதான் பம்ப் வெறும் காற்றை இழுத்தது.

மறுநாள் மத்தியானம் மழைக்கு முந்திய வெயிலில் கல்யாணக்காரர்கள் குதித்தார்கள். முதலில் குதித்தவன் மாப்பிள்ளையின் தம்பி. முதலில் கத்தியவனும் அவனே. கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்தான். பின்னால் குதித்தவர்கள் இருமிக்கொண்டே படியைத் தேடினார்கள். தண்ணீருக்கு மேலே குளோரின் நெடி முகத்தில் அறைந்தது. ஒரு பெண்ணின் நீலக் குளிப்புடை தோளோரம் வெளுத்திருந்தது. குழந்தைகள் இன்னும் இறங்கவில்லை. அதை யாரும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

கணேஸ் ஓடிவந்து பம்பை நிறுத்தினான். எல்லோரையும் நல்ல தண்ணீரில் கண் கழுவச் சொல்லிக் கத்தினான். அந்தக் கத்தலில்தான் அவன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"இவன்தான் மருந்து போடுறவன்!"

முதல் அடி பிளாஸ்டிக் கதிரையால் விழுந்தது. அவன் தூக்கிவைத்த கதிரைதான். பிறகு தடாகம் துடைக்கும் நீளக் கம்பு. கம்பு வளைந்ததும் காலால். செக்கியூரிட்டி விலக்கப் போனவர்கள்போல் வந்து அவர்களும் இரண்டு வைத்தார்கள். யாரோ அவன் பின்கழுத்தைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினார்கள்.

"கண்ணத் தொறடா! நீயும் பாரு! எப்பிடி இருக்கு?"

மூன்று முறை அமுக்கியதாகச் சிலர் சொன்னார்கள். கணேஸ் எண்ணவில்லை. வாயில் இரத்தமும் புளிப்பும் ஒன்றாக இருந்தன என்று மட்டும் பின்னால் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் கல்யாணக்காரர்களின் கண்ணைக் கழுவிச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கணேஸுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு, விலாவில் இரண்டு எலும்பு முறிவு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். லீவு கிடைக்காத கோபத்தில் வேண்டுமென்றே அசிட்டை ஊற்றிவிட்டான் என்று ஓட்டல் முறைப்பாடு கொடுத்திருந்தது.

ஜனகனும் இராஜகுமாரியும் போனபோது கணேஸ் குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தான்.

"அண்ணே, நான் ஊத்தல. பெட்டி கேட்டிச்சு, பம்ப் ஊத்திச்சு. புரோப்தான் பொய் சொல்லியிருக்கு. யாரோ அதக் காய வச்சிருக்காங்க. தேச்சுத் தொடைச்சிருக்காங்க. அத ஒருத்தன் வந்து நான்தான் செஞ்சேன்னு சொன்னா நான் தப்பிச்சேன். இல்லாட்டி திங்கட்கிழமை கோர்ட்டு, அங்கயிருந்து ரிமாண்டு. இந்தக் கண்ணோட உள்ள போனா…"

முடிக்கவில்லை. இராஜகுமாரி ஜனகனைப் பார்த்தாள்.

"எவன்டா கை வச்சது?" என்றான் ஜனகன். அவன் உண்மையாகவே கேட்டான். பூசை செய்வதைக் கை வைப்பது என்று அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

"தெரியல. வீட்டுல போத்தல் நெறைஞ்சுதான் இருந்திச்சு. பம்ப் ரூம் சாவி என்கிட்டயும் எலக்ட்ரிஷன் நஸீப்கிட்டயும்தான் இருக்கு. ஆனா நஸீப் அப்பிடிப்பட்ட ஆளு…"

ஜனகன் 'ஆனா'வுக்கு முன்னாலேயே வாசலைத் தாண்டிவிட்டான். இராஜகுமாரி பின்னால் ஓடி ஓட்டோவில் ஏறிக்கொண்டாள்.

முதலில் மலையேறி லயத்து மாரியம்மன் கோயிலில் ஓட்டோவை நிறுத்தினான். உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினான். தூறலில் வேலை முடிந்து வந்த சனம் நின்று பார்த்தது.

"தாயே! என் தம்பி சாமான்ல எவன் கை வச்சானோ, அந்தக் கைய மணிக்கட்டோட ஒடிப்பேன். ஒடிக்காட்டி நான் எங்கப்பனுக்குப் பொறக்கல!"

கற்பூரம் கையைச் சுட்டு அணைந்தது. அவன் முகம் சுளிக்கவில்லை. பின் சீட்டில் இருந்த இராஜகுமாரி அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் முதுகுக்குப் பின்னால் இருந்து இவனிடம் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் அடிப்பான். சொல்லாவிட்டால் நஸீபை அடிப்பான். கண்டி டவுனைத் தாண்டி, நெரிசலில் மாட்டி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலி கலங்கலாக ஓடுவதைப் பார்த்தபடி அவள் அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு வந்தாள்.

பாலத்துக்கு அப்பால் தன் வீட்டில் நஸீப் அப்போதுதான் கைகால் கழுவிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வா மச்சான், வா. தம்பிக்கு எப்பிடி…"

அடி வாயில் விழுந்தது. பாண் துண்டு முற்றத்தில் போய் விழுந்தது. இரண்டாவது அடியில் நஸீப் தட்டோடு சரிந்தான். உள்ளேயிருந்து அவன் மனைவி றமீஸா அகப்பையோடு ஓடிவந்து ஜனகனின் முதுகில் நாலு போட்டாள். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஏன்டா அடிக்கிற? சொல்லிட்டு அடியன்! என்னத்துக்குன்டு தெரியாம எப்பிடி அடி வாங்குற?"

"என் தம்பி புரோப்ப ஏன்டா தொட்ட?"

"தொட்டேன்தான்! அத…"

போதும். ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஜனகன் நஸீபின் வலக்கையை இழுத்து வாசற்படிக் கல்லில் அழுத்தினான். முழங்காலை அவன் தோளில் ஊன்றினான். பக்கத்தில் தேங்காய் உரிக்கும் அலவாங்கு சாத்தியிருந்தது. அதை எடுத்தான். றமீஸா அலறிய அலறலில் தெரு கூடிவிட்டது.

"பெரியத்தான்! அது உங்க கை!"

அலவாங்கு மேலேயே நின்றது. ஜனகன் திரும்பிப் பார்த்தான். இராஜகுமாரி ஓட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சை நிறுத்தவில்லை.

"நீங்கதான் எடுத்தீங்க. பூசைக்கு. பொட்டு வச்சீங்க. நான் சொன்னேன். கை ஓங்கினீங்க. நான் வாய மூடிட்டேன். அவரு கண்ணு போச்சு."

"பூசை செஞ்சா கெட்டுருமா?" என்றான் ஜனகன். அந்தக் குரல் அவனுடையதுபோல் இல்லை.

நஸீப் படியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டான். வாயைத் துடைத்தான். எழுந்து உள்ளே போய் ஒரு கடதாசிப் பொட்டலத்தோடு வந்தான்.

"அதத்தான் சொல்ல வந்த. நீ எங்க உட்ட? ஓட்டல்ல எல்லாம் கழுவிப்போட முந்தி நான் இதக் கழட்டி எடுத்துக்கொண்டு வந்தீக்கி, ஒன்ட தம்பிக்கு ஒதவும்டு. நல்லாப் பாரு."

குமிழ் பால்போல் மங்கியிருந்தது. அதைச் சுற்றியிருந்த பள்ளத்தில் மஞ்சளாகச் சந்தனம் இறுகிக் கிடந்தது, நடுவில் ஒரு புள்ளி குங்குமம்.

"எங்கட ஊட்டுல சந்தனப் பொட்டு வெக்கிறல்ல மச்சான்" என்றான் நஸீப்.

தெருவில் யாரோ சிரித்தார்கள். ஜனகன் அவர்களை அடிக்கவில்லை. அலவாங்கை நஸீபிடம் நீட்டினான். கையைப் படிக்கல்லில் வைத்தான்.

"ஒடி."

"பைத்தியமா ஒனக்கு?"

"சத்தியம் பண்ணியிருக்கேன். கற்பூரத்துல. ஒடிடா!"

"இப்ப வேணாம்" என்றாள் இராஜகுமாரி. "கை ஒடிஞ்சா பொலிஸ்ல எப்பிடிக் கையெழுத்து வைப்பீங்க? மொதல்ல அங்க போங்க."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஓட்டோவில் ஏறினான். நஸீபும் வாயில் துணியை அழுத்திக்கொண்டு ஏறினான்.

பொலிசில் ஜனகன் நடந்ததை நடந்தபடியே சொன்னான். எழுதிக்கொண்டவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். சந்தனம் என்ற இடத்தில் பேனை நின்றது. ஜனகன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான், பிறகு புரோப்பின் குமிழைக் காட்டினான். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இன்னொருவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். மூன்று பேருக்கும் மூன்று முறை சொன்னான். ஒருமுறைகூட யாரையும் அடிக்கவில்லை. அம்புலன்சில் போன கல்யாணக்காரர்களின் பெயரைக் கேட்டபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். கையெழுத்து வைத்தான்.

வேண்டுமென்றே செய்தது என்ற குற்றச்சாட்டு கவனக்குறைவு என்று மாறியது. திங்கட்கிழமை கோர்ட்டில் கணேஸுக்குப் பிணை கிடைத்தது. வலது கண் தெளிந்துவிட்டது. இடது கண்ணுக்குக் கொஞ்சக் காலம் வெளிச்சம் ஆகாது என்றார் டொக்டர். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இராஜகுமாரியின் தோளைப் பிடித்தபடி, அவன் லயத்துக்கு வந்து சேர்ந்தான்.

கோயில் வாசலில் சனம் நிறைந்திருந்தது. ஜனகன் கல்படியில் வலக்கையை வைத்தபடி குந்தியிருந்தான். காலையிலிருந்து அப்படியே இருக்கிறானாம். யாராவது ஒடிக்கட்டும் என்று கேட்டிருக்கிறான். அடி வாங்கியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதலில் வந்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஆனால் கிட்டப் போனதும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை ஞாபகம் வந்தது.

"அண்ணே, எந்திரி. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான் கணேஸ்.

"நீ பேசாத. இது எனக்கும் தாய்க்கும்."

இராஜகுமாரி கணேஸின் கையை எடுத்து வேலிக் கம்பில் பிடிக்க வைத்தாள். வீட்டுக்குள் போனாள். வரும்போது விறகு கொத்தும் கோடாலி கையில் இருந்தது. பூசைச் சந்தனம் அதில் இன்னும் இருந்தது. கோடாலிக்கு அதனால் ஒரு கெடுதியும் வந்திருக்கவில்லை.

"இராசு, என்ன செய்யப் போற?" என்றான் கணேஸ், சத்தம் வந்த பக்கம் திரும்பி.

அவள் கோடாலியைத் திருப்பி, முதுகுப் பக்கம் கீழே வரும்படி பிடித்தாள்.

"பெரியத்தான், இது சந்தனத்துக்கு இல்ல" என்றாள். "ஓங்கினதுக்கு."

விறகு கொத்திப் பழகிய கை. ஒரே போடு. சுள்ளி முறிகிற சத்தம்தான் கேட்டது. "அம்மா!" என்று ஜனகன் போட்ட சத்தத்தில் கோயில் கூரையிலிருந்த புறாக்கள் எழும்பிப் போயின. இரண்டு அபிப்பிராயம் வைத்திருந்த லயத்தில் அதற்குப் பிறகு ஒரே அபிப்பிராயம்தான்.

அந்தக் கிழமை கடைசியில், பின்னேர மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தபோது, நஸீப் நனைந்தபடி வந்தான். உதட்டில் தையல். ஜனகன் மாவுக்கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மற்றக் கையால் கதிரையை இழுத்துப் போட்டான்.

"சந்திக்கு வாறியா? பிளேன்டீ வாங்கித் தாறேன்."

"ஒன்ட பிளேன்டீ குடிக்கிறதுக்கு எனக்குப் பல்லு வேணும். இங்கயே இருக்கேன்."

அவன் புரோப் இருந்த கடதாசிப் பொட்டலத்தை இராஜகுமாரியிடம் கொடுத்தான். பொலிசில் படம் எடுத்துக்கொண்டு ஓட்டலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"புதுசு கொழும்பால வாற வரைக்கும் இது வேலை செய்யுமாண்டு பாக்கச் சொல்லி மெடம் தந்த. பூலத் தொறக்கணுமாம். கணேஸ் எப்ப வருவான்டும் கேட்ட."

"ரிமாண்டுக்கு அனுப்பப் பாத்தவங்க" என்றாள் இராஜகுமாரி.

"வேற யாருக்கும் அந்தப் பெட்டி வெளங்கல்ல. நானும் பாத்த. அது என்னமோ எட்டுண்டுது."

கணேஸ் சிரித்தான், சிரிப்பு விலாவில் குத்தியது. அவன் சொல்லச் சொல்ல இராஜகுமாரி செய்தாள். அசிட்டில் ஒரு சொட்டை நிறையத் தண்ணீரில் கலந்து, பள்ளத்துச் சந்தனம் கரையும்வரை குமிழை அதில் ஆட்டினாள். பீலித் தண்ணீரில் அலசினாள். துடைக்கவில்லை. கொழும்பு உப்புத் தண்ணீரை மாமைட் போத்தலில் ஊற்றி, குமிழை அதில் இறக்கினாள்.

"ஒரு ராப்பகல் ஊறட்டும்" என்றான் கணேஸ். "உசிர் இருந்தா எந்திரிக்கும். அப்புறம் நாலுலயும் ஏழுலயும் முக்கிப் பாக்கலாம். எந்த மெடம் வந்து கத்தினாலும் பாக்காம மாட்ட மாட்டேன்."

போத்தலை யன்னல் பலகையில் வைத்தாள். யன்னல் வழியாகச் சாரல் அடித்தது. ஜனகன் நல்ல கையால் அதைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தலாம் என்று எழுந்தான்.

"ஒக்காருங்க" என்றாள் இராஜகுமாரி. "அது காயக் கூடாது. உங்க கட்டு நனையக் கூடாது. ரெண்டையும் நான் பாத்துக்கிறேன்."

ஜனகன் உட்கார்ந்தான்.